மாப்பிள்ளையின் நாடியில் ஒரு கீறல்

எனக்கு விடுப்பு, அதுதான் ஊர்வம்பு, கேட்கப் பிடிக்கும். அதை மறைத்து ஆகப்போவது என்ன? மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கோயிலுக்கு வருகிற தமிழ்ச் சனத்தில் யார் வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தது, யார் யாரோடு கதைப்பதில்லை என்று அறிய வேண்டுமானால், அஞ்சலீனா அக்காவைக் கேள் என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு என் காலுக்குக் கீழே நடப்பது தெரியாமல் இருந்தது என்றால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

எங்களுடையது இரண்டு தட்டு வீடு. மேலே நானும் என் மனுசனும். கீழே என் தங்கை றீற்றா, அவள் புருஷன் எமிலியானுஸ், மகள் எலிசா. 2006 பனிக்காலத்தில் காலை வேளைகளில் எங்கள் குளியலறைத் தரைக்குக் கீழிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சளப், சளப், சளப். தோலில் எதையோ அடிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மறுபடியும் சளப், சளப். நானும் பொறுத்துப் பார்த்தேன். பொறுமை எனக்கு ஒத்துவராத சாமான். தொலைபேசியை எடுத்தேன்.

“றீற்றா, உன்ரை மனுசன் விடிய விடிய ஆருக்குப் பெல்ட்டாலை அடிக்கிறார்?”

“அதையேன் கேக்கிறாய் அக்கா? இறங்கி வந்து நீயே பார்.”

இறங்கினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. எமிலியானுஸ் பெனியனோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கதவுப் பிடியில் நீளமான தோல்வார் ஒன்று தொங்கியது. அதை இடது கையால் இழுத்துப் பிடித்தபடி, வலது கையிலிருந்த சவரக் கத்தியை அதில் புரட்டிப் புரட்டித் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் சலூன்களில் இருக்குமே, கைப்பிடிக்குள் மடங்குகிற கத்தி, அதுதான். முகம் முழுக்க வெள்ளை நுரை.

“உமக்கென்ன விசரே?” என்றேன். “மூலைக்கடை டெப்பனரிலை பிளாஸ்டிக் றேசர் கிடைக்காதே?”

“கதைக்காதேங்கோ அக்கா. கதைச்சால் வெட்டும்.”

கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை வைத்தார். அரிதட்டில் மா அரிக்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்தது. நுரை போன இடத்தில் தோல் பளபளவென்று தெரிந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் கத்தியைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கேட்டனீங்களே? அந்தச் சத்தம்தான் கணக்கு. அது மாறினால் நான் நிப்பாட்டிப் போடுவன்.”

நான் மேலே வந்தேன். அடுத்த நாள் காலையும் இறங்கிப் போனேன். பார்க்க வேண்டும் போல இருந்தது, என்ன செய்ய?

எமிலியானுஸுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த நகரத்துக்கு வந்தவர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. நாள் முழுக்கத் தட்டுகளில் பிளாஸ்டிக் கத்தியும் பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியும் அடுக்குவார். வேலைக்குள் நுழையும்போது சட்டைப்பையில் நகவெட்டிகூட இருக்கக் கூடாது. அதனால்தான் வீட்டில் இந்த ஆசையோ என்று ஒரு நாள் கேட்டேன். நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்று எனக்கே பெருமை.

“சீ, அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?” என்று ஒரே அடியில் என் பெருமையைக் கவிழ்த்தார். “இரும்பு எவ்வளவு மெல்லிசா வரும் எண்டு பாக்கிறன். அவ்வளவுதான்.”

மனுசன் அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் அதன் அடிமுடி காணும்வரை விடமாட்டார். இதற்கு முன்னால் பேக்கரி மாதிரிப் பாண் சுட்டார். வீடு முழுக்க மா. அதற்கு முன்னால் மீன் வளர்த்தார். அந்த மீன்களுக்கு எங்களைவிட நல்ல தண்ணீர். இந்தக் கத்தி வந்தது பக்கத்துப் பிரெஞ்சுக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையில். றீற்றா குளிர்ச்சட்டை தேடப் போனாள், இவர் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் துருப்பிடித்துக் கிடந்த கத்தியைத் தேடி எடுத்தார். கைப்பிடி வெடித்திருந்தது. இரும்பில் ஷெஃபீல்ட் என்று இங்கிலாந்து ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. விற்ற கன்னியாஸ்திரிக்கு அது எதற்கென்றே தெரியாதாம்.

துருவை உரசி எடுத்தார். பிறகு இணையத்தில் தேடியபோது, இதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. டெக்சாஸில் ஒருவர், சுவீடனில் ஒருவர், எல்லோரும் ஆம்பிளைகள், எல்லோரும் பழைய சவரக் கத்தி பற்றியே கதைக்கிறவர்கள். எந்தக் கல்லில் தீட்டுவது நல்லது என்பதில் அவர்களுக்குள் இரண்டு பிரிவு. ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். எங்கள் கோயில் சபையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும் எனக்கு. எமிலியானுஸ் மஞ்சள் கல் பிரிவு. பெல்ஜியத்திலிருந்து வந்த சின்னக் கல்லொன்றைத் துவாயில் சுற்றி, நற்கருணை வைக்கிற மாதிரிப் பக்குவமாக வைத்திருந்தார்.

முதல் மாதம் அவர் முகத்தில் கீறல் இல்லாத இடம் இல்லை. றீற்றா அடிக்கிறாள் என்று டோர்வலில் கதை பரவிவிட்டது. அவளுக்கு ஒரே வெட்கம். பிறகு கை பழகியது. அடுத்த வருடம் குளியலறைச் சுவரில் கண்ணாடி போட்ட தட்டு ஒன்று ஏறியது. அதில் கிழமை நாளுக்கு ஒன்றாகக் கத்திகள், மயிர்த் தூரிகை, மரக் கிண்ணத்தில் சவர்க்காரம், இரத்தம் நிறுத்தப் படிகாரக் கட்டி. எலிசாவின் தலைமுடி ஒன்றைப் பிடித்துக் கத்திக்கு மேலே தொங்கவிடுவார். தொட்டும் தொடாமலும் முடி இரண்டாக விழும். எனக்கும் அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்க்க ஆசை வந்தது. என் நாடியிலும் இரண்டு முடி இருந்தது. அதை அவரிடம் சொல்லுவேனா?

இப்படியே போயிருந்தால் இது ஒரு மனுசனின் விளையாட்டு என்று முடிந்திருக்கும். எலிசாவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது.

அவள் தானே தேடிக்கொண்ட பெடியன். அன்டன் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் பழக்கம். அமைதியான பிள்ளை, கண்ணில் ஒரு சிரிப்பு இருக்கும். குடும்பம் நகர ஓரத்து இல்-பிசாரில், தனி வீடு, வீட்டைச் சுற்றிப் புல், பஸ் எப்போதாவது வரும். தகப்பன் யோசெப் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், கோயிலில் முன் வரிசை வாங்கில் இருக்கிறவர். எல்லாம் பொருந்தி வந்தது. 2007 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, நாள் குறிக்க வந்தார்கள். றீற்றா ரோல்ஸும் கேக்கும் செய்து மேசையை நிரப்பியிருந்தாள். அன்டனும் எலிசாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மனம் நிறைந்திருந்தது.

யோசெப் குளியலறைக்குப் போனார். போனவர் வரக் காணோம். வந்தபோது முகம் வேறு.

“எமிலியானுஸ்,” என்றார், “உள்ளுக்கை அந்தக் கத்தியள் ஆற்றை?”

அட ஆண்டவரே! எமிலியானுஸின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதுதான் தன் சாதி மனுசன் ஒருவரைக் கண்டுவிட்டதாக அவருக்கு நினைப்பு. கத்திக்காரச் சாதியைச் சொல்கிறேன், டெக்சாஸ் சுவீடன் சாதி.

“எல்லாம் என்ரைதான் அண்ணை! பாத்தனீங்களே? இருங்கோ வாறன்.”

ரோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். கத்தி, கல், தோல்வார், தூரிகை, ஒன்றும் மிச்சமில்லை. அன்டனின் தாய் சேலைத் தலைப்பை மேசையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

“உங்கடை தகப்பனார் என்ன செய்தவர்?” என்றார் யோசெப்.

“புகையிரதத்திலை வேலை. இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கோ அண்ணை, பட்டு மாதிரி.”

“ஊரிலை நீங்கள் எவடம்?”

“அப்பாவுக்கு மாறி மாறி வேலை. எல்லா இடமும் இருந்தனாங்கள். இதைப் பாருங்கோ, நிண்ட முடியை அப்பிடியே வெட்டும்.”

“எண்டாலும், பிறந்த இடம் எவடம்?”

எமிலியானுஸின் காதில் எதுவும் ஏறவில்லை. யோசெப்பின் முகவாயை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரசித்துப் பார்த்தார்.

“உங்களுக்கு நல்ல முரட்டுத் தாடி அண்ணை. ஒரு நாளைக்கு வாங்கோ, நானே வழிச்சு விடுறன்.”

நான் றீற்றாவைக் கிள்ளினேன். றீற்றா என்னைக் கிள்ளினாள். அன்டனின் தாய் கடித்த ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார். நாள் குறிக்காமலே எழும்பிப் போனார்கள்.

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எவடம் என்பது இடம் கேட்கிற கேள்வி இல்லை. முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்தது கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பார்கள். பிறகு எந்த ஒழுங்கை, எந்தச் சந்து என்பார்கள். ஒழுங்கை தெரிந்தால் நீ என்ன சாதி என்று தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை வாயால் எடுக்கத் தேவையில்லை, அது அநாகரிகமாம். சமுத்திரம் தாண்டி வந்து, பனியில் விழுந்து எழும்பி, பிரெஞ்சும் படித்த பிறகும் இந்த ஒரு கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். குளியலறையில் ஏழு சவரக் கத்தியும் தோல்வாரும் கண்டதும், இவர்கள் பரம்பரையாக முடி வெட்டிச் சவரம் செய்கிற ஆக்களோ என்று யோசெப்புக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆசைக்குச் சவரக் கத்தி சேர்க்கிற மனுசன் இருப்பான் என்று அவர் மண்டைக்கு எட்டவே இல்லை.

அன்று மாலை நாங்கள் சொல்லித்தான் எமிலியானுஸுக்கு விஷயம் விளங்கியது. மேசையில் கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாக மடித்தார்.

எலிசாதான் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?

“எவடம் எண்டால் அட்றஸ்தானே பெரியம்மா? மொன்ட்ரியால்-நோர் எண்டு சொல்லுங்கோவன். இதுக்கேன் எல்லாரும் அழுற மாதிரி இருக்கிறியள்?”

நான் அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. எனக்கே கூச்சமாக இருந்தது. பிறகு எமிலியானுஸ் பக்கம் திரும்பினேன்.

“ஒரு சொல்லுக் காணும். ஊரையும் ஒழுங்கையையும் சொல்லிப் போட்டு விடும். பிள்ளையின்ரை வாழ்க்கை.”

“சொல்ல மாட்டன்.”

“உம்மடை வீம்புக்கு இதோ நேரம்?”

“இல்லை எண்டாலும் பிழை, ஓம் எண்டாலும் பிழை. கேள்வியே பிழை அக்கா. நான் மறுமொழி சொன்னால் அது சரியான கேள்வி எண்டு ஆயிடும்.” பிறகு என்னையும் றீற்றாவையும் பார்த்து விரலை நீட்டினார். “நீங்களும் சொல்லப்படாது. சொன்னால், நீங்கள் என்ன சொன்னனீங்களோ அதுக்கு நேர் எதிராய்க் கோயில் வாசலிலை நிண்டு நான் சொல்லுவன். ஆர் உண்மை எண்டு பேந்து அவை முழிக்கட்டும்.”

செய்வார். பாண் சுட்ட காலத்தில் எங்களை எட்டு மாதம் கடைப் பாண் தின்ன விடாத மனுசன், இதையும் செய்வார்.

உங்களுக்கும் இப்போது அறிய ஆசையாக இருக்கும். எமிலியானுஸ் உண்மையில் எவடம் என்று. எனக்குத் தெரியும். அவரும் றீற்றாவும் கொழும்பில் விரும்பிக் கட்டியபோது எங்களைப் பெற்ற ஐயா வெளிக்கிட்டுப் போய் விசாரித்து வந்ததெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நானே வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்றால் நீங்களும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்டனின் தாய் அடுத்த கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் சீனி.

“அக்கா, நாங்கள் அதுகள் பாக்கிற ஆக்கள் இல்லை. சும்மா அறியத்தான். எமிலியானுஸ் எவடம்?”

“பாக்கிறேல்லை எண்டால் பேந்தென்னத்துக்கு அறிய வேணும்?” என்றேன். அவர் வைத்துவிட்டார். எனக்கு வாய் ஒரு நாளும் நல்லது செய்ததில்லை.

அதற்குப் பிறகு இல்-பிசாரிலிருந்து அழைப்பே இல்லை. எலிசா வேலைக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்துவாள். தகப்பனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். றீற்றா செபமாலையோடு இருந்தாள். எனக்கு அவரில் கொதி கொதியென்று கோபம். ஆனால் காலையில் குளியலறையில் நிற்கும்போது கீழேயிருந்து சத்தம் வரவில்லை. சளப் இல்லை. எமிலியானுஸ் டெப்பனரில் பிளாஸ்டிக் றேசர் வாங்கிவிட்டார் என்று றீற்றா சொன்னாள். கேட்க வேண்டியதைக் கேட்டுப் பழகியவளுக்கு, கேட்காத சத்தம் பெரிய தொல்லை.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு பின்னேரம் கீழே மணி அடித்தது. நான் யன்னலால் பார்த்தேன். அன்டன்! ஒரு மாதத் தாடி. பஸ் மாறி மாறி வந்து நனைந்து போயிருந்தான். நான் செருப்பும் போடாமல் இறங்கினேன்.

குசினியில், அடுப்படியில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், பாடமாக்கி வந்த மாதிரிச் சொன்னான். “நாங்கள் கலியாணம் பேசுறதை நிப்பாட்டின நாளிலையிருந்து நான் வழிக்கேல்லை அங்கிள். வீட்டிலையும் சொல்லிப் போட்டுத்தான் வந்தனான். எனக்கு வழிச்சு விடுங்கோ. உங்கடை கத்தியாலை.”

எலிசா அறைக்குள்ளிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“தம்பி,” என்றார் எமிலியானுஸ். “நான் வேறை ஆற்றையும் முகத்திலை கத்தி வைச்சதில்லை. எனக்கு என்ரை முகம் மட்டும்தான் தெரியும்.”

“பரவாயில்லை. எனக்கும் அண்டைக்குப் பாத்ததிலையிருந்து, அது எப்பிடி இருக்கும் எண்டு அறிய ஆசை.”

கதிரையில் இருத்தினார்கள். சுடுதண்ணியில் தோய்த்த துவாயை முகத்தில் போட்டார். தூரிகையால் நுரை எழுப்பினார். தோல்வாரைக் கதவில் மாட்டினார். சளப், சளப். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் தன் முகத்தை வழித்துப் பழகிய கைக்கு, எதிரில் இருக்கிற முகத்தில் இடம் வலமாகத் தெரிந்தது. முழங்கை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அன்டன் கழுத்தை அண்ணாந்து கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். என் தங்கை மகளுக்குப் பொருத்தமான பெடியன்தான் என்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்தேன்.

கன்னம் இரண்டும் தப்பின. நாடியில் வந்தபோது அந்த மா அரிக்கிற சத்தம் மாறியது. எமிலியானுஸ் நிறுத்துவதற்குள் நுரையில் சிவப்பு வந்துவிட்டது. நீளக் கீறல். காதுக்குக் கீழே இன்னொன்று. படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது அன்டன் “ஊய்!” என்று கத்தினான். எலிசா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு தகப்பனின் தோளில் சாய்ந்துகொண்டு இரண்டையும் செய்தாள்.

அன்டன் நாடியில் ஒரு பிளாஸ்டரும் காதடியில் ஒரு பிளாஸ்டருமாக இல்-பிசாருக்குப் போனான். அங்கே என்ன பூகம்பம் வெடிக்கப் போகிறதோ என்று நாங்கள் காத்திருந்தோம்.

மறுநாள் யோசெப் எனக்கு எடுத்தார். சிரிக்கிறார்! வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

“அக்கா, பெடியன்ரை முகத்தை உந்த மனுசன் என்ன செய்து வைச்சிருக்கிறார்? கத்தியே பிடிக்கத் தெரியாத ஆளைப் பற்றி நாங்கள் என்னென்னவோ நினைச்சுப் போட்டம். இப்ப எங்களுக்கு மனம் ஆறிட்டுது. நாளைக் குறிப்பம்.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. வெட்டிவிட்டாராம், ஆகவே அந்த ஆக்கள் இல்லையாம்! கத்தி பிடிக்கிற கை ரத்தத்தில் வருமாம்! பிள்ளைகள் தாயின் வயிற்றிலிருந்து தோல்வாரோடு வருவார்கள் என்று அவர் நினைப்பு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. விழுந்தடித்துக் கீழே ஓடிப் போய்ச் சொன்னேன். றீற்றா செபமாலையை முத்தமிட்டாள். எலிசா அன்டனுக்குத் தொலைபேசி எடுக்க ஓடினாள்.

எமிலியானுஸ் சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ரை வாய் சொல்லாததை என்ரை கை சொல்லிப் போட்டுது அக்கா,” என்றார்.

“விடும். நல்லதாய்த்தானே முடிஞ்சுது.”

“அவை கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைச்சிட்டுது எண்டு இருக்கினம். நான் குடுக்கேல்லை. அது என்ரை மறுமொழி இல்லை.” முகம் செத்துப்போயிருந்தது. அந்த மனுசனுக்காக எனக்கு முதல்முறை உண்மையாகக் கவலை வந்தது.

கலியாணத்தைக் குழப்ப அவருக்கு மனம் இல்லை. மகள் அவ்வளவு சந்தோஷம். நாளும் குறித்தாகிவிட்டது, 2008 ஆவணி. எமிலியானுஸ் போய் ஒரு பை நிறையப் பலூன் வாங்கி வந்தார். எனக்குப் புரியவில்லை. ஊதிக் கட்டி, நுரை பூசி, கதிரையில் மனுசத் தலை உயரத்துக்கு நிறுத்தி, கத்தியால் வழிக்கத் தொடங்கினார். டும்! சுவரெல்லாம் நுரை. டும்! றீற்றா கத்துவாள். பனி உருகி, மரம் தளிர்த்து, வெயில் வந்தது. டும் சத்தம் குறைந்து குறைந்து நின்றது. பிறகு என் மனுசனைக் கதிரையில் இருத்தினேன். அவருக்கு விருப்பமில்லை. விருப்பத்தை யார் கேட்டார்கள்? ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவர் முகம் எமிலியானுஸிடம் போகும். ஆடி மாதம் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். கலியாணம் கட்டிய நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

கலியாணத்தன்று காலை மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் பக்கத்திலிருந்து ஓர் ஆண் போக வேண்டும். எலிசாவுக்குச் சகோதரன் இல்லை. எமிலியானுஸ்தான் போனார், துணைக்கு நான். இல்-பிசார் வீட்டில் டொரொன்டோவிலிருந்தும் வந்த சனம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கிற சடங்கை யோசெப் வீட்டார் விடாமல் வைத்திருந்தார்கள். இப்போது அது படம் எடுக்கிறவருக்காக. யாராவது ஒரு மாமன் கன்னத்தில் கொஞ்சம் நுரை பூசி, பிளாஸ்டிக் றேசரால் ஒரு இழுப்பு இழுப்பார். கைதட்டுவார்கள். அவ்வளவுதான். டொரொன்டோ மாமன் றேசரோடு தயாராக நின்றார்.

“என்ரை மாமா வழிப்பார்,” என்றான் அன்டன், எமிலியானுஸைக் காட்டி.

ஒரே சிரிப்பு. கீறல் கதையை யோசெப் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

“கவனம் எமிலியானுஸ்,” என்றார் யோசெப், கண்ணைத் துடைத்தபடி. “படம் எடுக்கிறாங்கள். இண்டைக்கும் வெட்டிப் போடாதேங்கோ!”

எமிலியானுஸ் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். பையிலிருந்து துணிச் சுருளை எடுத்து விரித்தார். அந்த ஷெஃபீல்ட் கத்தி, முதலில் வந்தது, துரு உரசிய தடம் இன்னும் தெரிந்தது. தோல்வாரைக் கதவுப் பிடியில் மாட்டினார். சளப், சளப். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பிறகு கத்தியை வைத்தார். அவர் கை ஒரு தடவையும் தயங்கவில்லை. கன்னம், மேலுதடு, காதடி, கழுத்து. தோலை இரண்டு விரலால் இழுப்பதும், கத்தியைத் துடைப்பதும், முகத்தை ஒரு விரலால் திருப்புவதும் எல்லாம் ஒரே ஓட்டமாக இருந்தது. அந்த மா அரிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது, ஏனென்றால் வேறு சத்தம் இல்லை. டொரொன்டோ மாமன் யோசெப்பைப் பார்த்தார். யோசெப் யாரையும் பார்க்கவில்லை. நாடியில், பழைய கீறல் இருந்த இடத்தில், எமிலியானுஸ் மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் வழித்தார். முடிந்தது. குளிர்ந்த தண்ணியால் முகத்தைத் துடைத்துவிட்டார். படிகாரக் கட்டியை எடுத்து மேசையில் வைத்திருந்தார். அதற்கு வேலை இருக்கவில்லை.

யோசெப் மெல்ல வந்து மகனின் கன்னத்தைத் தடவினார். நாடியைத் தடவினார். எங்காவது ஒரு சின்னக் கீறல், விட்டுப்போன ஒரு முடி இருக்காதா என்று அந்த விரல் தேடியது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

“சுத்தமாத்தான் இருக்குது,” என்றார்.

எமிலியானுஸ் கத்தியை மடித்தார். “வெளிக்கிடுவம் அண்ணை. சாமியார் பாத்துக்கொண்டு நிப்பார்.”

இனி என்ன செய்ய முடியும்? கோயிலில் பூ வைத்தாயிற்று, மண்டபத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். வந்தார் யோசெப். காரில் வழி முழுக்க மகனின் நாடியையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

கோயில் படியில் என்னைப் பிடித்தார். உள்ளே ஓர்கன் தொடங்கிவிட்டது. எலிசா எமிலியானுஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியால் நடக்கத் தயாராக நின்றாள். அன்டன் முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான், முகம் அப்படி ஒரு பளிச். யோசெப் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“அஞ்சலீனா அக்கா, மாதாவாணை உண்மையைச் சொல்லுங்கோ. எமிலியானுஸ் எவடம்?”

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கதையைச் சொல்லித் திரிந்தவள் நான். நாக்கு நுனியில் இருந்தது. ஊர், கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை, எல்லாம்.

“மொன்ட்ரியால்-நோர்,” என்றேன். “கோயிலுக்குக் கிழக்குப் பக்கம். பஸ்ஸாலை இறங்கி முதல் ஒழுங்கை. கீழ் வீடு. நல்ல சவரம் வேணுமெண்டால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்கோ.”